கண்ணாடிக்கு அடியில் நான்கு புள்ளிகள்

இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. அதில் முப்பத்தொன்றாம் பக்கம். தேதி 14-1-1982. நேரம் காலை 4.20. அதற்கு எதிரே நானே வரைந்த ஒரு படம். நான்கு புள்ளிகள், அவ்வளவுதான். ஈரம் பட்டு மை இழுத்திருக்கிறது. இந்தப் பக்கம் மட்டும் இல்லையென்றால், அன்றைக்கு நடந்ததைக் கனவு என்று நானே ஒதுக்கியிருப்பேன்.

எனக்கு ஊர் சிலமலை. மதுரையில் பௌதிகம் படித்து முடித்துச் சும்மா இருந்தபோது, என் பேராசிரியர் ஒருவர் ஒரு மாத வேலை கொடுத்தார். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் தங்கி, தினமும் குளிரை அளந்து எழுத வேண்டும். மலை ஆண்டுக்கு ஆண்டு சூடாகிக்கொண்டு வருகிறது, முன்போல உறைபனி விழுவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையா என்பது அவருடைய கேள்வி. எஸ்டேட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

எஸ்டேட்டின் மேல்கோடியில் கிண்ணம் போல ஒரு பள்ளம் உண்டு. ஊதக்குழி என்பார்கள். சுற்றிலும் இருந்த சோலைக்காட்டை வெட்டி முடித்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. நடுவில் புல்வெளி, ஓரத்தில் ஓடை. என் கருவிகளை அங்கேதான் வைத்தேன்.

முதலாளி எங்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. கூலிக்காரர்களின் குடிசைகள் மேட்டில், காற்று அறையும் இடத்தில் இருந்தன. தண்ணீருக்கு ஊதக்குழி ஓடைக்குத்தான் இறங்கி ஏற வேண்டும். குடிசைகளைப் பள்ளத்துக்கே மாற்றிவிட அவர் நினைத்தார். ஆனால் அங்கே பனி உறையுமா? ஜனவரி முழுவதும் என் அளவு இரண்டு டிகிரிக்குக் கீழே போகாவிட்டால் பிப்ரவரியில் குடிசை. பன்னிரண்டு குடும்பங்கள் எங்கே படுக்கப்போகின்றன என்பதை என் நோட்டு தீர்மானிக்கப்போகிறது.

எனக்குச் சோறு பொங்கித் தந்தது பாண்டியம்மாள். ஏழு மாத வயிறு. ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்து அந்த ஏற்றத்தில் ஏறி வருவாள்.

"நல்லதா எழுதிவிடுங்க சாரு. இடுப்பு போச்சு. புள்ள பொறக்குமுன்ன கீழ குடியேறிட்டா கும்புடுவேன்."

"நானா எழுத முடியாதுக்கா. பெட்டி சொல்றதைத்தான் எழுதணும்."

"அப்பப் பெட்டிகிட்டச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

கங்காணி வெள்ளைத்துரைக்குச் சந்தேகமே இல்லை. "பனியெல்லாம் அந்தக் காலம் சாரு. இப்ப மலை சூடேறிக் கெடக்கு. நீங்க வந்த சோலி வெட்டிச் சோலி."

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. காற்று புகுந்து போகப் பக்கங்களில் சாய்ந்த சட்டங்கள். தரையிலிருந்து நான்கடி உயரத்தில், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர் படுத்திருக்கும். அதன் சாராயக் குழாய்க்குள் மெல்லிய கறுப்பு ஊசி ஒன்று. குளிர் இறங்கினால் சாராயம் சுருங்கி, ஊசியைத் தன்னோடு இழுத்துப் போகும். மறுபடி சூடேறினால் சாராயம் மட்டும் திரும்பும், ஊசி அங்கேயே நிற்கும். நான் தூங்கினாலும் இரவின் உச்சக் குளிரை ஊசி எனக்காகப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு எளிய அழகான ஏற்பாடு!

இரண்டாவது கருவி ஒரு எனாமல் தட்டு. அது பேராசிரியரின் சொந்த ஆசை. தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பாதிதான் உண்மை. பால் தானாகவா தயிராகிறது? ஒரு சொட்டு உறைமோர் விட வேண்டும் அல்லவா? தண்ணீரும் அப்படித்தான். பனிக்கட்டி முளைக்க ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு தூசி, இலைமேல் வாழும் ஒரு கிருமி, ஏதாவது ஒன்று. அது கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு, ஐந்து டிகிரி வரைகூடத் தண்ணீர் தண்ணீராகவே காத்திருக்கும். ஏதாவது பட்டதோ, பட்ட புள்ளியிலிருந்து ஊசி ஊசியாக உறைந்து ஓடும்.

அதனால் தட்டின் உட்புறம் மெழுகு பூசி, கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றி, மேலே கண்ணாடி மூடிப் புல்தரையில் வைத்தேன். தூசி விழ வழியில்லை. உறைய வழியில்லை.

ஜனவரி பதினொன்று வரை ஒன்றும் இல்லை. பெட்டியில் 4.2, 4.6, 4.0. எல்லோருக்கும் பிடித்த எண்கள்.

பன்னிரண்டாம் தேதி காலை 5.30. பெட்டியைத் திறந்தேன். தெர்மாமீட்டர் இல்லை.

கீழே புல்லில் கிடந்தது. கிடந்தது என்பது தவறு. வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கவட்டைக் குச்சிகளைத் தரையில் ஊன்றி, அவற்றின்மேல் குழாயைப் படுக்க வைத்திருந்தார்கள். குமிழ் பக்கம் ஒரு நூலளவு தாழ்வாக. அப்படி வைக்கத் தெரிந்தவன் இந்த வேலையைச் செய்து பழகியவனாகத்தான் இருக்க வேண்டும். ஊசி பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரையில் நின்றது.

வெள்ளைத்துரையிடம் கோபமாகக் கேட்டேன்.

"ஒங்க பெட்டியத் தொட யாருக்கு நேரம் கெடக்கு சாரு? கொரங்கா இருக்கும்."

குரங்கு கவட்டைக் குச்சி ஊன்றாது. நான் பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில்.

பதின்மூன்றாம் தேதி காலை 5.30. பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தேன். பெட்டி காலி.

தெர்மாமீட்டர் புல்லில், அதே குச்சிகளின்மேல். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு.

அன்று போகி. ஆட்கள் எல்லோரும் பொங்கலுக்கு ஊருக்கு இறங்கிவிட்டார்கள். மலையில் மிச்சம் இருந்தது கங்காணி, பாண்டியம்மாள், அவள் புருஷன் சோலை, நான். வயிற்றோடு ஜீப்பில் குலுங்க முடியாது என்று அவர்கள் தங்கிவிட்டார்கள். விளையாட்டுக் காட்ட ஆளே இல்லாத இரவு. யார் வந்தாலும் பிடித்துவிடலாம். முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டை மாட்டி, குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டு, பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் டார்ச்.

காற்றே இல்லை. மேகம் இல்லை. தேய்பிறை நிலா உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட இரவில்தான் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மரம் இருந்தால் போர்வை போலப் பிடித்து வைக்கும். இங்கே மரம் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்துக்கு அது நல்ல மருந்து.

மணி 2.10. பெட்டியில் 5.0.

மணி 3.40. பெட்டியில் 4.4. புல்லெல்லாம் பனித்துளி. நிலவில் கறுப்பாக, ஈரமாகப் பளபளத்தது. என் கோட்டு முழுக்கவும் துளிகள். வெள்ளையாக எதுவும் இல்லை. பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன்.

மேட்டில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று நிறுத்தியது.

மணி 4.05.

டிக்.

கண்ணாடி மரத்தில் படும் சத்தம். பெட்டிக்குள்ளிருந்து.

டார்ச் அடித்தேன். கதவு மூடியிருந்தது. பூட்டு தொங்கியது. ஆடவில்லை. வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன்...

தெர்மாமீட்டர் புல்லில் இருந்தது. இரண்டு குச்சிகளின்மேல்.

நான் கண்ணை எடுக்கவே இல்லை. யாரும் வரவில்லை.

எழுந்திருக்க நினைத்தேன். டார்ச்சை மட்டும் அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

மணி 4.15. பெட்டியின் அடியில், கறுத்த புல்லில், ஒரு வெள்ளைத் தடம் தெரிந்தது. வெறுங்கால். குதிகால், பாதம், ஐந்து விரல்.

கிறுக்...

அதற்கு முன்னால் இன்னொன்று.

கிறுக்... கிறுக்...

எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. புல்லில் இருந்த துளிகள் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே போய், உறையாமல் காத்திருந்தன. எது பட்டாலும் பட்ட இடம் உறையும். ஏதோ படுகிறது. அடி அடியாகப் படுகிறது.

தடத்துக்கு மேலே ஆள் இல்லை.

தடங்கள் தட்டுக்குப் போயின. நின்றன.

மணி 4.20. தட்டின்மேல் கண்ணாடி மூடியிருந்தது. கண்ணாடியின் பனித்துளி கலையவில்லை. அடியில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

ஒரு புள்ளி வெளுத்தது.

பக்கத்தில் இன்னொன்று.

பிறகு ஓர் இடைவெளி. அதைத் தாண்டி ஒன்று. கீழே, தள்ளி, ஒன்று.

நான்கு புள்ளிகளிலிருந்தும் ஊசிகள் கிளம்பின. சரசரவென்று ஓடின. ஒன்றோடொன்று முட்டின. தட்டு முழுக்க வெள்ளை.

உயிருள்ள விரல் தண்ணீரில் பட்டால் சூடு ஏறும்...

தடங்கள் திரும்பின.

என்னை நோக்கி.

கிறுக்.

கிறுக்.

என் காலுக்கு முன்னால் இரண்டு பாதங்கள். விரல்கள் என் பக்கம்.

அப்புறம் எதுவும் இல்லை.

அப்புறம்... என் இடது தோளில், கோட்டின்மேல் இருந்த துளிகள், ஒவ்வொன்றாக வெளுத்தன.

சூரியன் எழுந்தது 6.40-க்கு. அதுவரை நான் அசையவில்லை. நோட்டில் அந்தப் படத்தை எப்போது வரைந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெயில் பட்டதும் தடங்கள் கரைந்தன. தோளில் ஈரம் மட்டும் இருந்தது. புல்லில் கிடந்த தெர்மாமீட்டரைக் குனிந்து படித்தேன். பூஜ்யத்துக்குக் கீழே 2.6.

3.40-க்குப் பெட்டிக்குள் 4.4. அதற்கு நான்கடி கீழே, பனிக்கட்டி.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. பெட்டி நான்கடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா ஊர்ப் பெட்டிகளும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும். கணக்குக்கு அது சரி. ஆனால் குழந்தைகள் நான்கடி உயரத்தில் படுப்பதில்லை. தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

இரண்டு எண்களையும் எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இங்கே குடிசை கூடாது."

வெள்ளைத்துரை வாசித்தான். முகம் கடுத்தது. "பெட்டி நல்லாத்தானே சொல்லுது? தரையில எதுக்குய்யா வச்சீக?"

"நான் வைக்கலை" என்று சொல்லி, படத்தைக் காட்டினேன்.

நான்கு புள்ளிகளையும் வெகுநேரம் பார்த்தான். நோட்டை மூடிக் கையில் கொடுத்தான். பேச்சு மாறிப்போயிருந்தது. "வெரசா கெளம்புங்க சாரு. டிரைவரு சுருளியோட ஜீப்பு நாளைக்கு வருது."

பாண்டியம்மாள் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். "ஒங்க நோட்டுக்கு என்ன? ஒரு நா இந்தக் கொடத்தச் சொமந்து பாத்துட்டு எழுதியிருக்கணும்." அந்தக் கோட்டை மறுபடி மாட்டிக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர் ஒன்று மேட்டில் உண்டு, உள்ளே சூட்டுக் குழாய் ஓடும் கட்டடம். அதன் ஆணியில் கோட்டையும் தொப்பியையும் தொங்கவிட்டு வந்துவிட்டேன்.

போடிமெட்டு தாண்டி நான்காவது கொண்டை ஊசி வளைவில் சுருளி அண்ணன் தானாகவே பேச்செடுத்தார்.

"ஊதக்குழிய வேணாம்னு எழுதிட்டியாமே தம்பி? நல்ல காரியம். எழுவத்தி நாலுல ஒருத்தரு இதே பெட்டிய வச்சுக்கிட்டு இருந்தாரு. சோணைன்னு பேரு. நாலு டிகிரி, பனி இல்லைன்னு எழுதிக் குடுத்தாரு. குடிச போட்டாக. ஒரே ராத்திரியில ரெண்டு பச்சப்புள்ள வெறச்சுப் போச்சு."

"அவர் என்ன ஆனார்ணே?"

"யாரும் நம்பல. பெட்டியில நாலுதானே இருக்கு, புள்ளைக சீக்குல செத்துச்சுன்னாக. மனுசன் தெர்மாமீட்டரயும் ஒரு தட்டுல தண்ணியயும் பக்கத்துல வச்சுக்கிட்டு, தரையில எம்புட்டுக் குளிருன்னு காட்டுறேன்னு வெறுந்தரையில படுத்துட்டாரு. விடிஞ்சு போய்ப் பாத்தா, வலது கை தண்ணித் தட்டுக்குள்ள இருக்கு. கட்டிய ஒடச்சுத்தான் கைய எடுத்தாக. பழைய ஆளுக அன்னைக்கே எறங்கிட்டாக. இப்ப இருக்கிறதெல்லாம் புது ஆளு, கங்காணியத் தவிர."

என் மடியில் நோட்டு இருந்தது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"பாவம், நல்ல மனுசன்" என்றார் சுருளி அண்ணன். "அந்தக் கையில மோதிர வெரலு மட்டும் கெடையாது. கெளை வெட்டுற கவாத்துக் கத்தி வாங்கிருச்சு."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆறு வருடம் போனது. போடியில் ஒரு பள்ளியில் ஆசிரியரானேன். மலை உண்மையாகவே சூடாகிக்கொண்டு வந்தது. அங்கே வேறு யாரோ அளந்த எண்களை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெட்டி ஐந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் சராசரி சூடாவதும், மேகமற்ற ஒரே ஓர் இரவில் மொட்டைத் தரை உறைவதும் வேறு வேறு. அதை அங்கே யாருக்கும் சொல்ல ஆள் இல்லை. எஸ்டேட்டு கைமாறியிருந்தது. என் எழுத்து எந்த அலமாரியில் கிடந்ததோ.

1988 பிப்ரவரி. போடி பஸ் நிலையம், பகல் பதினொன்றரை. "சாரு!" என்று ஒரு குரல். பாண்டியம்மாள். அவள் கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண்குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது.

"அன்னைக்கு ஒங்கள வஞ்சேன். மனசுல வச்சுக்காதீக. நீங்க மட்டும் வந்து எழுப்பலைன்னா, இந்தச் செல்லக்கிளி இன்னைக்கு இல்ல சாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்பக்கா எழுப்பினேன்?"

"நல்லாக் கேட்டீக போங்க! இந்தப் போகி ராத்திரிதான். தை மாசம் மொதல்லதானே புது மொதலாளி குடியேறச் சொன்னாரு, நாங்க ஒரு வாரம் முன்னாடியே ஊதக்குழிக்கு வந்துட்டோம், தண்ணி பக்கத்துலன்னு. கோழி கூப்புட இன்னும் நேரம் கெடந்துச்சு. தகரத்தத் தட்டித் தட்டி எல்லாக் குடிசையையும் எழுப்பிவிட்டீக. இவ மட்டும் அசையல. நீங்கதானே குனிஞ்சு கன்னத்துல தட்டுனீக? வீல்னு கத்திக்கிட்டு எந்திரிச்சா. அம்புட்டுப் பேரும் ஸ்டோருக்கு ஓடி, சூட்டுக் கொழாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். விடிஞ்சு வந்து பாத்தா, கொடத்துத் தண்ணி கல்லாக் கெடக்கு. கோழி ஏழும் நின்ன வாக்குலயே வெறச்சுப் போச்சு. ஒங்களத் தேடுனோம். காணோம்."

போகி இரவு நான் போடியில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த மலைக்கு ஆறு வருடமாக நான் போகவே இல்லை.

"அக்கா... முகத்தைப் பாத்தீங்களா?"

"தொப்பிய எறக்கி விட்டிருந்தீகளே. கோட்டுதான் தெரிஞ்சுச்சு. ஒங்க கோட்ட எனக்குத் தெரியாதா?"

குழந்தையைப் பார்த்தேன். வலது கன்னத்தில், வெந்து ஆறியது போல, சின்னச் சின்ன வெள்ளை வடுக்கள். இரண்டு பக்கம் பக்கமாக. ஓர் இடைவெளி. ஒன்று. கீழே, தள்ளி, ஒன்று.

நான்கு.

என்னை அறியாமல் அந்தக் கன்னத்தை நோக்கிக் கை நீட்டினேன். குழந்தை பின்வாங்கவில்லை. என் கையைப் பிடித்து, விரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தா, இவரு இல்ல. இவருக்கு அஞ்சும் இருக்கு."